பரிமளத்தின் விரலும் புரூனோவின் முடியும்

புரூனோவுக்கு வேட்டைநாய் என்கிற பெயர் மட்டும்தான் மிச்சம். ஜெர்மனி ஜாதி, கன்றுக்குட்டி உயரம், தேங்காய்த் தும்புபோல முரட்டு முடி, தாடி வேறு. இத்தனையும் இருந்து என்ன, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சேவல் இறகை விரித்தால் பரிமளத்தின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். பலாங்கொடைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அதைப் பார்த்துப் பயந்தவர் தபால்காரர் ஒருவர்தான். அவர் எதைப் பார்த்தாலும் பயப்படுகிறவர்.

தோட்டத்து மேனேஜர் ரணவீர துரைக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. போகிற இடம் மாடிவீடு, நாய்க்கு இடமில்லை. பங்களாவில் இரண்டு வருஷம் அதற்குச் சோறு வைத்த பரிமளத்திடமே கொடுத்துவிட அவருக்கும் ஆசைதான். முடி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். மெஷின் கூடாது, கத்தரி கூடாது. வெட்டினால் முடி பஞ்சாகிப்போகும், மழையும் முள்ளும் நேரே தோலில் படும். செத்த முடியைக் கையால் பிடுங்கி எடுத்தால்தான் புதுமுடி முரடாக வளரும். அதற்கென்று கொழும்பிலிருந்து ஓர் ஆள் வந்துபோய்க்கொண்டிருந்தார். இனி வரமாட்டார்.

"ஒரு மாசம் பாப்பேன் பரிமளம். முடியாட்டி கித்துல்கலயில என் கூட்டாளி ஒருத்தன் கேக்கிறான், அவனுக்குக் குடுத்திருவேன். ஹரித? சரிதானே?"

"இருபத்திரெண்டு வருசம் கொழுந்து பறிச்ச கைங்க தொரை. முடி புடுங்கத் தெரியாதா?"

வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

மறுநாளே லயத்து வாசலில் சாக்கை விரித்தாள். வழுக்காமலிருக்க விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். விரல்கள் தம்பாட்டுக்கு ஓடின. பத்து நிமிஷம் ஆகவில்லை, புரூனோ வீறிட்டு எழுந்து விறகுக் கொட்டிலுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த வழுக்கை.

சாக்கில் கிடந்த முடியைப் பரிமளம் அள்ளிப் பார்த்தாள். அத்தனையும் குட்டை, மிருது, இப்போதுதான் முளைத்தது. முற்றிய முடி ஒன்றுகூட இல்லை. மலையில் முற்றல் இலை கூடைக்குள் விழுந்தால் கங்காணி கத்துவார். அந்தப் பயத்திலேயே பழகிய விரல், நாயின் உடம்பிலும் முற்றலை விலக்கி விலக்கிக் கொழுந்தையே தேடிப் பிடித்திருக்கிறது!

"பாவிக் கை" என்று தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். அன்று அவள் வைத்த சோற்றை அது தொடவில்லை. அவளுக்கும் சோறு இறங்கவில்லை. கித்துல்கலவை நினைக்க நினைக்க அழுகையாக வந்தது.

நான்கு நாள் கொட்டில் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் வழுக்கையில் தேங்காயெண்ணெய் தடவினாள், பேசாமல் இருந்துகொடுத்தது. பிறகு ஒரு நாளைக்கு நாலைந்து முடிதான். கண்ணை மூடித் தடவி, நீண்டு சொரசொரப்பாக, தொட்டாலே வந்துவிடும்போல இருப்பதை மட்டும் வளர்ந்த திசையிலேயே இழுத்தாள். விரல் இளசுப் பக்கம் போகும்போதெல்லாம், "ஏய், அத விடு" என்று அதட்டினாள்.

"யாரோடடி சண்டை?" பக்கத்து வீட்டு அழகம்மா எட்டிப் பார்த்தாள்.

"என் வெரலோடதான்."

நாள் போகப்போகக் கை பழகியது. மாத முடிவில் முதுகும் வலது பக்கமும் சுத்தமாகி முரட்டு முடி மினுங்கியது. இடது பக்கத்தில் இன்னும் கை வைக்கவில்லை. வழுக்கையும் மூடவில்லை.

"அட்டை கடிச்சுப் புண்ணாச்சுனு சொல்லிரு. மழைக் காலம், யாரு கேக்கப்போறா?" என்றாள் அழகம்மா.

ஞாயிற்றுக்கிழமை துரை வந்தார். புரூனோ பாய்ந்து அவர் சட்டையெல்லாம் சேறாக்கியது. சிரித்துக்கொண்டே முதுகைத் தடவிய கை, தோளில் வந்து நின்றது.

"மே மொகத? என்ன இது?"

அட்டை பரிமளத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நாயின் முகத்தைப் பார்த்தாள். அட்டை திரும்பிப் போய்விட்டது.

"என் கைதாங்க தொரை. பழக்கத்துல கொழுந்தப் புடுங்கிட்டேன். அதுக்கு ரொம்ப வலிச்சிருச்சுங்க."

துரை குந்தி உட்கார்ந்து, இடது பக்கத்தில் தானே ஒரு முடியைப் பிடித்து இழுத்தார். புரூனோ உறுமிக்கொண்டு விலகியது. நேரே பரிமளம் உட்கார்ந்திருந்த சாக்குக்கு வந்து, வழுக்கைத் தோள் மேலே தெரிய அவள் மடியோரம் சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

துரை கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கொழும்பு ஆள் இதோட வாயக் கட்டிப்போட்டுத்தான் செய்வான்," என்றார்.

"வாயக் கட்டியா?" பரிமளம் புரூனோவின் தாடியை ஒருமுறை தடவிவிட்டாள்.

துரை காருக்குப் போய் ஒரு புதுச் சங்கிலியை எடுத்துவந்து வாசலில் வைத்தார்.

"கித்துல்கல கொண்டுபோக வாங்கினது. இனி தேவையில்ல, இங்கயே கெடக்கட்டும்."

பரிமளம் நிமிரவில்லை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டாள். இடது பக்கம் முழுவதும் பாக்கியிருந்தது.