கைண்ட்லி இல்லாத கட்டுரை

அஃபீஃபா மேம் திருப்பிக் கொடுத்த கட்டுரையில் மதிப்பெண் இல்லை. ஓரத்தில் சிவப்பு மையில் "யாரிடம் கெஞ்சுகிறாய்?" என்று மட்டும் எழுதியிருந்தது.

தலைப்பு பருவநிலை மாற்றம். நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன். கடல் சூடாகிறது, மீன் குறைகிறது, பவளப்பாறை வெளுக்கிறது, எல்லாம் வரிசையாக வந்துவிட்டது. கடைசிப் பத்தியில்தான், ஐயா அவர்கள் எங்கள் மீது கருணை கூர்ந்து பருவநிலை மாற்றத்தைத் தடுத்து நிறுத்துமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் முடித்திருந்தேன். மேம் அதைச் சத்தமாக வாசித்தார். ராமநாதபுரத்துக் கல்லூரியில் எங்கள் மூன்றாம் ஆண்டு வகுப்பு அதற்குமுன் அப்படிச் சிரித்ததில்லை.

"ஆஸ்லின், இது கட்டுரையா மனுவா? எந்த ஐயா பருவநிலையத் தடுத்து நிறுத்தப் போறாரு, புள்ள?"

மேம் கீழக்கரைக்காரர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கௌரவ விரிவுரையாளர் என்பதால் அவரை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. அந்தக் கோபத்தை எங்கள் கட்டுரைகளில் தீர்த்துக்கொள்வார். முந்நூறு ஆங்கிலச் சொற்களை அச்சடித்துக் கொடுத்து, கட்டுரை என்றால் இவை இருக்க வேண்டும் என்றிருந்தார். என் வகுப்பு ஜெனிஷ் அதில் நெவர்தெலெஸ்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேன்டீனில் டீ சொல்லும்போதுகூடப் போட்டான். நான் முந்நூறையும் மனப்பாடம் செய்தேன். என்ன பயன், எல்லாச் சொல்லும் கடைசியில் போய் யார் காலிலாவது விழுந்தது.

குற்றம் என்னுடையது மட்டுமல்ல. ராமேஸ்வரம் தீவில் எங்கள் ஊருக்கு எட்டாம் வகுப்பிலிருந்து நான்தான் இங்கிலீஷ் மனு எழுதுகிறேன். தமிழில் எழுதினால் ராமநாதபுரத்தோடு நின்றுவிடும், இங்கிலீஷில் எழுதினால் டெல்லி வரை போகும் என்பது ஊரின் கணக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மனுவை வாசிக்க வேண்டும். ஒருவருக்கும் அர்த்தம் புரியாது. ஆனால் கைண்ட்லி எத்தனை தடவை வருகிறது என்று எல்லோரும் எண்ணுவார்கள். மீனவர் சங்கத் தலைவர் டேவிட்ராஜ் மாமா விரல் மடக்கி எண்ணிவிட்டு, "நாலுதான் வருது. ஊருக்கே விளக்கு கேக்குறோம், இன்னும் ரெண்டு போடுத்தா" என்பார். போடுவேன். பிறகு கையெழுத்து. கடலுக்குப் போனவர்கள் அடுத்த ஞாயிறு போடுவார்கள், அவர்களிலும் விட்டுப்போனவர்கள் அதற்கடுத்த ஞாயிறு.

என் முதல் மனு அய்யாவுக்காக, அதாவது அப்பாவுக்காக, எழுதியது. அய்யா பெயர் யாக்கோபு. கடலில் எல்லை தாண்டிவிட்டார் என்று அக்கரை இலங்கையில் பிடித்து வைத்திருந்தார்கள். 'ப்ளீஸ் கைண்ட்லி கிவ் மை ஃபாதர்' என்று தொடங்கி ஒரு பக்கத்தில் ஒன்பது கைண்ட்லி போட்டேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று அய்யா வீட்டுக்கு வந்துவிட்டார். புள்ள இங்கிலீஷ்தான் மனுசனைக் கொண்டுவந்தது என்று ஊர் சொன்னது. எனக்கும் தலை கொஞ்சம் வீங்கியது. ஏழு வருடமாக அது வற்றவே இல்லை.

இப்போது சென்னையில் இதழியல் படிக்க விண்ணப்பம் போட வேண்டும். அதனுடன் ஓர் ஆங்கிலக் கட்டுரை, துறை ஆசிரியர் கையெழுத்தோடு, வெள்ளிக்கிழமைக்குள். எனக்கு அந்த இடம் வேண்டும். கேள்வி கேட்பதையே வேலையாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து வேண்டும். கெஞ்சிக் கெஞ்சி எனக்கு அலுத்துவிட்டது.

"மனுவுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். உனக்குத் தெரிஞ்சதப் பத்தி எழுது. ஒரு வாதம் வை. ஆதாரம் காட்டு" என்றார் மேம்.

எனக்குத் தெரிந்தது மனுதான். வீட்டு அலமாரியில் ரெக்சின் பையில் நாற்பத்தொரு நகல்கள் இருந்தன. எல்லாவற்றையும் தரையில் பரப்பினேன். முப்பத்து நான்குக்குப் பதில் இல்லை. ஆறுக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில். ஒன்று பலித்தது, அய்யாவுடையது. தாழ்மையால் எங்கள் ஊருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர என்று ஏழு பக்கம் எழுதினேன். கோபத்தில் எழுதியதால் முந்நூறு சொற்களில் பாதி தானாகவே வந்து உட்கார்ந்தது.

புதன்கிழமை மேம் வாசித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"நல்லாருக்கு. ஆனா அந்த ஒண்ணு? மனு போச்சு, உங்க அத்தா வந்தாங்க. அதனாலதான் வந்தாங்கன்னு என்ன ஆதாரம்?"

"ஊரே சொல்லுது மேம்."

"ஊர் சொல்றது ஆதாரமா? தேதி பாத்தியா?"

பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டும்வரை அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். அந்த மனுவின் பின்னால் பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை குத்தியிருந்தது. டெல்லியில் மனுவை வாங்கிக்கொண்டதற்கான முத்திரை, மார்ச் பதினைந்து. அந்த வருடச் சாம்பல் புதன் மார்ச் ஆறு.

நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்க ஊருக்கு மூன்று ஞாயிறு ஆகியிருந்தது. என் ஒன்பது கைண்ட்லியும் டெல்லி போய்ச் சேர்ந்தபோது அய்யா வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. அவமானமாகவும் இருந்தது. அட்டையைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும் என்றும் தோன்றியது. மேம் தீவுக்கு வந்து தேடப் போவதில்லை.

அய்யா வாசலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார்.

"பாத்துட்டியாக்கும்" என்றார்.

"உங்களுக்குத் தெரியுமாய்யா?"

"தபால்காரன்ட்ட அந்த அட்டைய வாங்குனதே நான்தான? இங்கிலீஷ் தெரியாட்டி என்ன, நம்பர் படிக்கத் தெரியாதா."

"ஏன்ய்யா சொல்லல?"

"அங்கன கோர்ட்டுல விட்டாங்கெ, வந்தேன். இங்கன வந்தா, நீ என்னய மீட்டுட்டேன்னு தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியுற. அதப் போயி எப்பிடித்தா கெடுக்க?" வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டார். "அதுக்கப்பறம் நீயும் விடாம இங்கிலீஷ் படிச்ச. சரி, கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஏழு வருடம் ஒரு மனிதர் தன் மகளுக்காக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். அதுவும் எங்கள் அய்யா, ஒரு கணவாய் மீன் விலையைக்கூட நாலு பேரிடம் சொல்லாமல் தூங்காதவர். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் சோறு போட்டுக் கொடுத்தேன்.

அன்று இரவே ஒரே ஒரு தடவை என்றிருந்த வாக்கியத்தை அடித்தேன். முத்திரைத் தேதியை எழுதினேன். நாற்பத்தொன்றில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை என்று எழுதினேன். ஆதாரப் பட்டியலில் மேம் சொல்லிக்கொடுத்த முறைப்படி கடைசி வரியாக அய்யாவைச் சேர்த்தேன்: யாக்கோபு, மீனவர், நேர்காணல், வீட்டு வாசல்.

வெள்ளிக்கிழமை மேம் கையெழுத்துப் போட்டார். "இன்னும் ரெண்டு எடத்துல தேர்ஃபோர் அதிகம்" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

அனுப்புவதற்குமுன் அய்யா கட்டுரையைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் விரலைத் தாளில் படாமல் ஓட்டி வரி வரியாகத் தேடினார். இங்கிலீஷில் அவருக்குப் பார்த்ததும் அடையாளம் தெரியும் சொல் ஒன்றே ஒன்றுதான்.

"கைண்ட்லி எங்கனத்தா?"

"இதுல இல்லய்யா."

ஏழு பக்கத்தையும் தேடி முடித்த பிறகுதான் நம்பினார்.

"டேவிட்ராஜ்ட்ட காட்டிராத" என்று சொல்லிவிட்டு, வலைச் சகதி படாமல் இருக்க இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.