டேக்கிங் ஓவர் சொல்லி ஆறு நிமிடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது இரண்டே சொல்தான். பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும், மடியில் சாப்பாட்டுப் பை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “டேக்கிங் ஓவர்” என்று முணுமுணுத்தாள். கொஞ்சம் பொறுத்து அதையே குரலைக் கனமாக்கிச் சொன்னாள். அப்புறம் சிரித்துக்கொண்டே. பதினோரு நிறுத்தம் வரை இது நடந்தது, பிறகு இறங்கிப் போய்விட்டாள். நான் என் நிறுத்தத்தைக் கோட்டை விட்டு, மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு இப்படிக் கை பரபரத்து எனக்கு வருடக்கணக்காகிறது.

மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: ‘அதிகாலைச் சூரியன் மெல்ல’ (வேண்டாம். அவளுக்கு மதிய ஷிஃப்ட்.)

தொடக்கம் இரண்டு: ‘ஒரு சொல்லுக்குள் ஒரு வாழ்க்கையே’ (இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.)

தொடக்கம் மூன்று, இதை வைத்துக்கொள்வோம்:

அந்தச் சலவைக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அண்ணி. அவளுடைய கொழுந்தன் அங்கே பாய்லர் ஆப்பரேட்டர். துணி மடிக்கும் மேசையில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், “அண்ணி, சாப்டீங்களா?” என்று அவன் கேட்டதை நாற்பது பேர் கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து, அவளைவிடப் பத்து வயது மூத்த ஃபோர்மேனுக்கும் அவள் அண்ணிதான்.

ஆறு வருடம் படுக்கை விரிப்புகளை மடித்தாள். மடித்துக்கொண்டே பாய்லர் பரீட்சைக்குப் படித்தாள். இரண்டு முறை தேர்ச்சிக் கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்து, மூன்றாம் முறை தேறினாள். புது ஆளை மூன்று மாதம் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு தப்பு நடந்தாலும் மறுபடி மடிக்கும் மேசைதான். இன்றைக்கு அவள் தனியாக நிற்கப்போகும் முதல் ஷிஃப்ட்.

3

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேகம்தான்.

பாய்லர் அறையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் இருப்பவர், அடுத்தவர் வந்து “டேக்கிங் ஓவர்” என்று சொல்லும்வரை எழுந்து போகக் கூடாது. சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவருக்கும் பாய்லருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே வேலை செய்பவர்கள் நாலைந்து மொழிக்காரர்கள் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக அந்த இங்கிலீஷ்.

அதைச் சொல்வதற்கு முன்னால் வருகிறவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. பாய்லர் நெற்றியில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுபவை. இரண்டையும் திறந்து, நீரை வெளியே விட்டு, திரும்ப ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் அடைத்திருந்தால் கண்ணாடி பொய் சொல்லும். தண்ணீர் வற்றிய பாய்லரில் நெருப்பு எரிந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதப்போவதில்லை.

4

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு அவள் வீட்டையே ஒரு வழி பண்ணிவிட்டாள்.

“பட்டாளத்துக்காரங்க ஆட்சியைப் புடிச்சா நியூஸ்ல அப்படித்தான் சொல்றான்” என்றார் கணவர்.

“நான் எதுக்குங்க ஆட்சியைப் புடிக்கணும்?”

“அம்மா, ‘இனி இது என் பொறுப்பு’ன்னு அர்த்தம். அவ்வளவுதான்” என்றாள் மகள்.

அந்த அவ்வளவுதான் அண்ணிக்குப் பிடித்துப்போயிற்று. வாழ்க்கையில் எத்தனையோ பொறுப்பு அவள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. எதற்கும் யாரும் அவள் வாயால் ஒரு சொல் கேட்டதில்லை. இதற்குக் கேட்கிறார்கள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒத்திகை தொடங்கியது. மகள் சமையலறை ஸ்டூலில் உட்காருவாள். அண்ணி கூடத்திலிருந்து விறுவிறுவென்று வந்து, வாசற்படியில் கால் வைத்ததும், “டேக்கிங் ஓவர்” என்பாள். மகள் எழுந்து சல்யூட் அடித்துவிட்டு ஓடுவாள். இரண்டு வாரம், தினமும் பத்து முறை.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்து பேனாவை வைத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் இவள். இவளா தப்பு செய்வாள்? பிறகு அந்தச் சமையலறையை மறுபடி பார்த்தேன். ஸ்டூல் இருந்தது, வாசற்படி இருந்தது. கண்ணாடி இல்லை. ஒத்திகையில் இல்லாதது நாக்குக்கு எப்படித் தெரியும்?)

5

மணி இரண்டு. பாய்லர் அறைக் கதவைத் திறந்து, வாசலில் கால் வைத்தாள் அண்ணி.

“டேக்கிங் ஓவர்.”

என்ன அழகாக வந்தது அந்தக் குரல். கொழுந்தன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். பையை ஏற்கெனவே தோளில் மாட்டியிருந்தான்.

“கலக்குறீங்க அண்ணி. அப்பாவுக்கு மூணு மணிக்குக் கண் டாக்டர். நான் கெளம்பவா?”

“கெளம்பு தம்பி. மாமாவைப் படியில பாத்து எறக்கு.”

அவன் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினான். அவள் சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினாள். நாற்காலியைத் துடைத்தாள். உட்கார்ந்தாள். எழுந்து, இன்னொரு முறை உட்கார்ந்தாள். கணவருக்கு போன் போட்டு, “உக்காந்துட்டேங்க” என்றாள். அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

(இந்தப் பத்தியை இன்னும் நீட்ட ஆசையாக இருக்கிறது. அவளுடைய வாழ்க்கையிலேயே நல்ல ஆறு நிமிடம் இது. ஆனால் உள்ளே தண்ணீர்)

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கண்ணாடிகள் கண்ணில் பட்டன. இடது கண்ணாடியில் பாதி உயரம். வலது கண்ணாடியில் அடியில் ஒரு விரல் உயரம். அவள் பாய்ந்து போய் இடதைத் திறந்து விட்டாள். நீர் வெளியே பாய்ந்தது, திரும்ப ஏறவில்லை. வலதைத் திறந்து மூடினாள். அதே ஒரு விரல் உயரத்துக்குத்தான் ஏறிற்று. தண்ணீர் பம்ப் நின்றுபோயிருந்தது, எப்போது நின்றது என்று தெரியவில்லை. தண்ணீர் குறைந்தால் தானே நெருப்பை நிறுத்த ஒரு கருவி உண்டு. அதை நம்பி உட்காராதே என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம்.

நெருப்பை அணைத்தாள். பிறகு மாற்று பம்ப்பைப் போட்டு, கண்ணாடியில் தண்ணீர் மயிரிழை மயிரிழையாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே நீராவி வராமல் இஸ்திரி இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நாற்பது பேர் துணியும் கையுமாக நின்றார்கள்.

6

ஃபோர்மேன் வந்தார். திட்டவில்லை. சுவரில் ஓடும் வரைபடத் தாளைப் பார்த்தார். நெருப்பு நின்ற நேரத்தைக் கருவியின் முள் கோடாக வரைந்திருந்தது: இரண்டு மணி ஆறு நிமிடம்.

“நல்ல வேலை பண்ணீங்க அண்ணி. இன்னும் கொஞ்சம் போயிருந்தா என்ன ஆயிருக்குமோ. நோட்டுல எழுதிடுங்க. எத்தனை மணிக்கு டேக் ஓவர் பண்ணீங்க?”

அவள் பேனாவை எடுத்தாள். இரண்டு என்று எழுதினால், பார்க்காமலேயே சொன்னாள் என்று ஆகும். இரண்டு ஆறு என்று எழுதினால், அவள் சொல்லும் முன்பே கொழுந்தன் நாற்காலியை விட்டுப் போனான் என்று ஆகும். பார்க்காமல் சொன்னவர்களை மடிக்கும் மேசைக்கு அனுப்புவார்கள். அடுத்தவர் சொல்லும் முன்பே எழுந்து போனவர்களை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

அப்போது அவள் போன் அடித்தது. பேருந்து இரைச்சலுக்கு நடுவே கொழுந்தன் குரல்.

“அண்ணி, அந்த எடது கண்ணாடியை நான் தெறந்தே பாக்கலை. கெளம்புற அவசரத்துல அப்படியே விட்டுட்டேன். ஒரு தடவை பாத்துருங்க.”

“பாத்துட்டேன் தம்பி. நீ மாமாவைப் பாரு.”

7

முடிவு ஒன்று: அவள் ‘2.06’ என்று எழுதினாள். ஃபோர்மேன் (எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த வீட்டில் ராத்திரி எல்லோரும் ஒரே தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.)

முடிவு இரண்டு: அவள் ‘2.00’ என்று எழுதி, மறுநாள் மடிக்கும் மேசையில் (இதையும் கிழித்தேன். எனக்கு மனசு வரவில்லை. அவள் இரண்டாம் முறை உட்கார்ந்ததை நான் பார்த்தேனே.)

முடிவு மூன்று: ‘2.00 சொன்னேன். 2.06 பார்த்தேன்.’ இது அவள் கையெழுத்து மாதிரியே இருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு ஃபோர்மேன் முகம் எப்படிப் போகும் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

8

ஆகவே பேனா இன்னும் தாளைத் தொடவில்லை. ஃபோர்மேன் காத்திருக்கிறார். தண்ணீர் பாதிக்கு ஏறிவிட்டது. இந்தக் கதையின் நாற்காலியில் இதுவரை நான் இருந்தேன். அடுத்தவர் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது என்ற விதி எனக்கும் உண்டு.

வாசலில் நீங்கள் நிற்பது தெரிகிறது. அந்த இரண்டு சொல் உங்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதும் தெரிகிறது. வேண்டாம், அங்கிருந்தே சொல்லிவிடாதீர்கள். உள்ளே வாருங்கள். அண்ணியைப் பாருங்கள். போனை இன்னும் காதில் வைத்தபடி பேருந்தில் நிற்கும் அவனையும் பாருங்கள். இரண்டு பேரையும் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

அதுவரை நான் எழுந்திருக்க மாட்டேன்.