பிக்காசு நின்ற இடம்

தம்சின் ட்ரெவன் தினமும் விடிந்ததும் ரொட்டி அடுப்பைப் பற்றவைப்பாள். அது சூடேறுவதற்குள் கடைக்கு எதிரே போய், ஓர் ஆறடி மண்ணில் பிக்காசால் ஒரு கொத்து கொத்துவாள். பிக்காசை அங்கேயே நட்டுவிட்டுத் திரும்புவாள். இரண்டு வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை.

மெல்போர்ன் பக்கத்துத் தங்கவயல்களின் வழக்கம் அது. கருவி நிற்கும் குழிக்குச் சொந்தக்காரன் உண்டு. ஒரு நாள் முழுக்கக் கொத்தாமல் விட்டாலோ, கருவியை எடுத்துவிட்டாலோ, அடுத்தவன் இறங்கலாம். கேட்க ஆளில்லை.

அந்த மண்ணுக்குள் அவளுடைய பெண் மெரின் இருந்தாள். பதினோரு மாதத்தில் பேதி கண்டு போனவள். மெழுகுவர்த்திப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். அப்போது இங்கே ஓர் ஓடையும் ஒன்பது கூடாரங்களும்தான். அதற்கு முந்தின வாரம் ஓடைக்கரையில் மூன்று சிலுவைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்டியிருந்தார்கள்.

"சிலுவைய ஒருத்தனும் மதிக்க மாட்டான். பிக்காச மதிப்பான்" என்றான் அவள் கணவன் ஜேகோ. தன்னுடையதையே நட்டான். இரண்டு மாதம் கழித்து, வடக்கே புது வயல் கண்டிருக்கிறார்கள் என்று போனான். கடிதம் வரவில்லை.

அவள் கொத்தினாள். பார்த்தவர்கள் யோசித்தார்கள். மண்ணை ஓடைக்குக் கொண்டுபோய் அலசவில்லை, இடத்தை விற்கவில்லை, விடவும் இல்லை. அப்படியென்றால் அடியில் பெரிதாக ஏதோ இருக்கிறது. ஒருவன் பக்கத்தில் குழி போட்டான். இருபதடி ஆழத்தில் தங்கம் தட்டியது. அந்த வாரமே ஐந்நூறு பேர் வந்தார்கள். பின்னால் கொல்லன், இரண்டு சாராயக்கடை, ஹர்லியின் மளிகை, மெல்போர்ன் வண்டி, கல் கட்டிடத்தில் பாங்கு. எல்லாம் அந்தப் பிக்காசைச் சுற்றித்தான் முளைத்தன. அவளுடைய கூடாரத்துக்கும் தகரக் கூரை வந்தது. இருபது ரொட்டி இருநூறானது. அது எதனால் என்று அவளுக்குத் தெரியும். மாவு பிசையும்போது அவள் எதையும் நினைப்பதில்லை.

டிசம்பர் வெயிலில் சர்வேயர் பெல்லமி சங்கிலியும் முளைகளுமாக வந்தார்.

"ட்ரெவன் அம்மா, உங்க குழி நடு ரோட்டுல நிக்குது. அறுபத்தாறடி அகலம், ஒரே நேர்கோடு. நாளைக்குக் காலைல ஆளுங்க வர்றாங்க. நஷ்டத்துக்கு மூலைல ஒரு மனை தரச் சொல்லியிருக்கு."

"ரோட்ட வளைக்க முடியாதா?"

மளிகைக்கடை வாசலில் நின்ற ஹர்லி சிரித்தான். "வளைச்சுக் குடுங்க சார். அந்தம்மா ரெண்டு வருசமா அடைகாக்குது. என்ன பொரிக்குதுன்னு நாங்களும் பாக்க வேணாமா?"

"அது குழி இல்ல" என்றாள் தம்சின். "என் பொண்ணு இருக்கா."

பெல்லமி கையிலிருந்த சங்கிலியைக் கீழே வைத்தார். ஹர்லி விடவில்லை. "பிக்காச எடுன்னு சொன்னதும் பொண்ணு வந்துட்டாளா? அப்ப தெனம் பொணத்தையா கொத்திக்கிட்டிருந்த? மனை போதலேன்னா நேராக் கேளும்மா, அதுக்கென்ன வெக்கம்."

அதற்குள் கூடிவிட்ட கூட்டம் சிரித்தது. பெல்லமி சிரிக்கவில்லை. "ஏதாவது பதிவு இருக்கா? பாதிரியார் எழுதினது?"

"அப்போ பாதிரியாரே கிடையாது."

அன்று இருந்த ஒன்பது கூடாரக்காரர்களும் எப்போதோ வேறு வயல்களுக்குப் போய்விட்டார்கள். காட்ட அவளிடம் ஒன்றும் இல்லை. ஒன்றும் தெரியாதபடி பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

"நானே தோண்டிக்கிறேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

"உங்க குழி. விடியற வரைக்கும் உங்களதுதான்" என்றார் பெல்லமி.

மத்தியானம் இறங்கினாள். செய்தி பரவி, இருநூறு பேர் சுற்றி நின்றார்கள். எத்தனை அவுன்ஸ் என்று பந்தயம் கட்டினார்கள். தினமும் கொத்திய மேல்மண் பொலபொலவென்று வந்தது. அதற்குக் கீழே இறுகிக் கிடந்தது. நான்கடியில் மரம் தட்டியதும் பிக்காசை வைத்துவிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினாள். கடைக்குள் ரொட்டி கருகும் வாசனை வந்தது.

பெட்டி சின்னது. மெழுகுவர்த்திக் கம்பெனியின் எழுத்து பாதி அழிந்திருந்தது. மூடி ஒரு பக்கம் இற்றுப்போய், உள்ளே மஞ்சள் துணி தெரிந்தது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். தொப்பிகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஹர்லியுடையது கடைசியாக.

குனிந்து பிக்காசை எடுத்துத் தோளில் போட்டாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். வழி விட்டார்கள். பத்தடி போயிருப்பாள். பின்னால் 'தொப்'பென்று ஒரு சத்தம். எவனோ தன் பிக்காசைக் குழிக்குள் போட்டுவிட்டான். உடனே இன்னொரு சத்தம், பிறகு சண்டை.

"நான்தான் மொதல்ல போட்டேன்டா!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மேட்டில் புதிதாக வேலி அடித்த கல்லறைத் தோட்டம். காவலாளி குழி வெட்டிக் கொடுத்தார். பெட்டியை இறக்கி, மண்ணை மூடி, அதன்மேல் பிக்காசை நட்டாள்.

"அம்மா, இத எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் காவலாளி. "இங்க யாரும் எடம் புடிக்க மாட்டாங்க."

"சரி" என்றாள்.

கீழே தகரக் கூரைகளுக்கு நடுவே முளைகள் நேராக ஓடின. நாளைக்குச் சாலை போட வருபவர்களுக்கு முப்பது ரொட்டியாவது கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். மாவு போதாது, ஹர்லியிடம்தான் வாங்க வேண்டும்.

இறங்க ஆரம்பித்தாள். பிக்காசு அங்கேயே நின்றது.