காலில் எண்பத்தெட்டு

வலது கால் சாக்ஸ் கழன்று வந்துவிட்டது. இடது கால் வரவில்லை. பெரியவர் பேரனின் குதிகாலை இரண்டு விரலால் பிடித்து, துருப்பிடித்த நட்டைத் திருகுகிற நிதானத்தோடு இழுத்துப் பார்த்தார். நாலு நாள் பிள்ளை. உயிர் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"விடுங்க மாமா. அதோடயே இருக்கட்டும்," என்றார் மாப்பிள்ளை.

விட்டார். கழன்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனார், கதவுக்குப் போனார், கைகழுவும் தொட்டியில் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார். மறுபடியும் சொட்டியது. வாஷர் போயிருக்கிறது. ஒரு வாஷர் மாற்றத் துப்பில்லாத ஆஸ்பத்திரிக்காரர்கள் பிள்ளையின் உடம்புக்குள் என்னத்தைப் பார்த்துக் கிழித்திருக்கப் போகிறார்கள்?

தண்ணீர் பம்ப் ஹவுஸில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். எந்த மீட்டரையும் மூன்று தட்டுத் தட்டாமல் நம்ப மாட்டார். அங்கே அவருக்குப் பெயரே தட்டுசாமி. டாக்டர்களைத் தட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் அவர்களை அவர் நம்பியதே இல்லை.

டாக்டரம்மா இருவரையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்தார். பெரியவர் நாற்காலியின் பின்னால் நின்றுகொண்டார்.

"வயித்துல இருக்கிறப்போ குழந்தை நம்மள மாதிரி மூச்சு விடுறதில்லைங்க ஐயா. நெஞ்சு அசையும். ஆனா நுரையீரல் நிறைய தண்ணி. அம்மா இழுக்கிற மூச்சுதான் தொப்புள்கொடி வழியா ரத்தத்துல வரும்."

"அப்போ என் மக மூச்சுலதான் அது இருந்துச்சு."

"ஆமா. நுரையீரலுக்கு அங்க வேலை இல்ல. அதனால அங்க போற ரத்தத்தை உடம்புக்குத் திருப்பிவிட ஒரு சின்னக் குழாய் இருக்கும். இதயத்துக்குள்ளயும் ஒரு சின்ன வழி உண்டு. வெளிய வந்து அழுததும் நுரையீரல் விரிஞ்சிடும். அப்புறம் அந்தக் குழாய் வேண்டியதில்ல. ரெண்டு மூணு நாள்ல தானா மூடிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் மூடும். மூடணும்."

ஒரு தாளின் பின்பக்கத்தில் வரைந்தார். படம் கோணல்மாணலாக இருந்தது. ஆனாலும் பெரியவருக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"பைபாஸ் லைன்," என்றார்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதேதான்."

"மெயின் லைன்ல எங்க அடைப்பு?"

"இங்க. தலைக்கும் கைக்கும் பிரிஞ்ச பிறகு. பெரிய குழாய் நூல் மாதிரி ஒடுங்கியிருந்தது. இடுப்புக்குக் கீழ எல்லாமே அந்தச் சின்னக் குழாயை நம்பித்தான் ஓடியிருக்கு. உள்ள இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியாது. பொறந்தப்பவும் நல்லா அழுதிருக்கும். குழாய் மூட மூட..."

"கீழ தண்ணி நின்னுபோச்சு."

"ரத்தம், மாமா," என்றார் மாப்பிள்ளை. "தண்ணி இல்ல." பிறகு டாக்டரம்மாவிடம், "முன்னாடியே தெரிஞ்சிருக்காதா?"

"மறுநாள் கையிலயும் கால்லயும் க்ளிப் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்ப்போம். ரெண்டுக்கும் வித்தியாசம் இருந்தா சந்தேகம் வந்துடும். குழாய் மூடாம வைக்க மருந்து இருக்கு. அப்புறம் ஆபரேஷன். பிழைச்சிருக்கும்னு சொல்ல மாட்டேன். வாய்ப்பு இருந்தது." டிஸ்சார்ஜ் சீட்டைப் புரட்டினார். "உங்க சீட்டுல அந்த நம்பரே எழுதலை."

"அன்னிக்கு யாரு டியூட்டி?" மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

பெரியவர் அதற்குள் வெளியே வந்திருந்தார். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

பிள்ளை பிறந்த மறுநாள் மகள் குளிக்கப் போயிருந்தாள். மாப்பிள்ளை வெளியூர் பஸ்ஸில். சின்ன நர்ஸ் பிள்ளையின் காலில் க்ளிப்பை மாட்டினாள். எண்பத்தெட்டு. "டாக்டர் வரட்டும் ஐயா, சாயங்காலம் வரைக்கும் இருங்க," என்றாள். அவர் மெஷினை மூன்று தட்டுத் தட்டினார். க்ளிப்பைக் கழற்றித் தானே வலது கையில் மாட்டினார். தொண்ணூற்றேழு. "பாத்தியா? கால் சில்லுன்னு இருக்கு, அதான் காட்டுது. ஒரே பிள்ளை, ஒரே ரத்தம். மெஷினை மாத்தச் சொல்லு, போ." பிள்ளைக்கு சாக்ஸ் மாட்டினார். அவள் மூன்று தடவை சொன்னாள். மூன்று நாள் காய்ச்சலுக்கு இங்கே வந்த தன் மனைவியைப் பதினோராம் நாள் பின்வாசல் வழியாக எடுத்துப்போன கதையை வார்டே கேட்கக் கத்தினார். சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

பம்ப் ஹவுஸில் ஒரே லைனில் இரண்டு மீட்டர் இரண்டு விதமாகக் காட்டினால் அவர் தட்டுவார், மாற்றி மாட்டிப் பார்ப்பார். அப்புறமும் மாறாவிட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு இடைப்பட்ட குழாய் நெடுக நடப்பார். அடைப்பு அங்கேதான் இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

அன்றைக்குத் தட்டி, மாற்றி மாட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார்.

வராந்தா முனையில் சின்ன நர்ஸ் மருந்துத் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை குறுக்கே போய் நின்றார்.

"நீதானே அன்னிக்கு? நம்பர் பாத்தியா இல்லையா? வாயில என்ன கொழுக்கட்டையா? உன்னை இந்த வேலையை விட்டுத் தூக்காம நான் ஓயமாட்டேன், தெரிஞ்சுக்க!"

அவள் பெரியவரை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். எதிர் அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மகள் படுத்திருந்தாள்.

பெரியவர் கோடி வரைக்கும் போய்த் திரும்பினார். பாதியில் நின்றார்.

"மாப்ள. க்ளிப்பைக் கழட்டுனது நான்."

"என்ன மாமா?"

"கால்ல எண்பத்தெட்டு. கையில தொண்ணூத்தேழு. மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொன்னது நான். இந்தப் பொண்ணு இருங்க இருங்கன்னுச்சு. நான்தான் கேக்காம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"நான் எழுதியாவது வச்சிருக்கணும் ஐயா," என்றாள் நர்ஸ். "நீங்க போட்ட சத்தத்துல..."

மாப்பிள்ளையின் கை பாதி உயர்ந்தது. எதற்கு உயர்ந்தது என்று அதற்கே தெரியாத மாதிரி சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு இறங்கியது. அவர் மாடிப்படிக்குப் போனார். செருப்புச் சத்தம் கீழே கீழே போய் நின்றது.

பெரியவர் மகளின் அறைக்குள் போனார். அவள் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். ரவிக்கை பாலில் நனைந்திருந்தது.

"நான் குளிச்சிட்டு வந்தப்போ சாக்ஸ் போட்டு வச்சிருந்தீங்க," என்றாள்.

"ஆமா."

"அன்னிக்கே கால் சில்லுன்னு இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு."

"கை?"

"கை கதகதன்னு இருந்துச்சும்மா."

பிள்ளை கிடந்த அறையில் குழாய் சொட்டுவது இங்கே கேட்டது.

பெரியவர் கட்டிலை ஒட்டி நின்றார். போர்வைக்கு வெளியே கிடந்த அவள் கையைத் தொட்டார். சூடாக இருந்தது. கால்மாட்டுக்குப் போனார். போர்வையை விலக்கிப் பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். அதே சூடு. மறுபடி தலைமாட்டுக்கு வந்து கையைத் தொட்டார். மறுபடி காலுக்குப் போனார்.

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.