சொட்டு விடாத கிண்ணம்

1

இந்தக் கதை ஆறு மணி நேரக் காத்திருப்பில் பிறந்தது. ரத்தத்திலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புச் செல்கள்மேல் வைட்டமின் டி ஒரு சொட்டு விட்டால், மரபணுக்கள் பதில் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும். [ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். இந்தக் கதையில் ஆறு.]

தொடக்கத்தை மூன்று முறை மாற்றினேன். 'வெளியே மழை' என்று... வேண்டாம். ஆய்வகத்தில் ஜன்னலே கிடையாது.

2

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் தங்கை. பூமிக்கடியில் இருக்கும் கார் நிறுத்தத்தில் சீட்டுக் கொடுப்பவள் அக்கா. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் தேவைப்பட்டது. அக்கா கையை நீட்டினாள்.

"இருமல் எப்படிக்கா இருக்கு?"

"அது கார் புகைடி. எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன். ஊசியைக் குத்து, கதை பேசாதே."

"டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிட்டு..."

"நான் லீவு போட்டா எனக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க."

[அக்காவை இவ்வளவு வாயாடியாக எழுத நினைக்கவில்லை. அவளை அடக்க எனக்குத் தெரியவில்லை.]

ஒவ்வொருவரின் செல்களையும் தங்கை இரண்டு கிண்ணங்களாகப் பிரித்தாள். ஒன்றில் சொட்டு விட்டாள். மற்றதில் விடவில்லை.

3

இங்கே கதையை நிறுத்த வேண்டியிருக்கிறது. வைட்டமின் செல்லுக்குள் போய் ஒரு புரதத்தோடு சேர்கிறது. அந்தப் புரதம் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கும் பகுதிக்குத் துத்தநாக விரல் என்று பெயர். உள்ளே ஒரு துத்தநாக அணு இருந்தால்தான் அந்த விரல் மடங்கும். விரல் பட்ட இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மரபணு விழிக்கிறது. கிருமியைத் துளைக்கும் புரதம் ஒன்று உருவாகிறது. சாப்பாட்டில் வந்த ஓர் உலோக அணு, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க உதவுகிறது! இதை முதலில் படித்த அன்று என் கையையே நான்... [இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.]

4

மறுநாள் அளவெடுத்த முடிவு திரையில் வந்தது. சொட்டு விட்ட கிண்ணங்களில் அந்த மரபணு விழித்திருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் தங்கை திரையை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

சொட்டு விடாதவை அமைதியாக இருக்க வேண்டும். அக்காவுடையது அப்படி இல்லை. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் யாரும் எழுப்பாமலே உச்சத்தில் இருந்தன. அந்தச் செல்கள் எதனுடனோ முன்பே சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

5

முடிவு அ: தங்கை வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறாள், இருமல் நின்றுவிடுகிறது. பொய். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: ஏதோ கை தவறியது என்று அந்தக் கிண்ணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறாள். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தாள். பிறகு மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பி, அக்காவின் சீட்டுக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, உன் செல்லுங்க வேற கதை சொல்லுது."

"அதுங்களுக்கு என்னடி தெரியும்?"

"நீ சண்டை போட்டுட்டு இருக்கேன்னு தெரியுது. தனியா."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அக்கா தடுப்பைத் தூக்கவில்லை.

இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. மருத்துவமனைக்கு அவர்களோடு நீங்கள் போங்கள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

"இருமினா ரத்தம் வருதுடி. மூணு வாரமா."