எந்த மடி?

ராயபுரம் மாதர் முன்னேற்றச் சங்கத்துக்குத் தலைவர் ரகுபதி. செயலாளர் கருணாகரன். பொருளாளர் ரகுபதியின் மைத்துனர். மூவருக்கும் நல்ல மீசை. "உங்கள் சங்கத்தில் மாதர் யாராவது உண்டா?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டுவிட்டுப் போன பிறகுதான் அந்தக் குறையே அவர்கள் கண்ணில் பட்டது. ஆண்டு விழாவில் ஒரு பெண்ணாவது பேசியாக வேண்டும். ரகுபதி தம் மனைவியை மேடையேற்றியிருக்கலாம். ஆனால் குடும்பப் பெண்ணை நாலு பேர் பார்க்கும்படி நிறுத்துவதா? அதற்குத்தான் கிடங்கில் ஒரு கூட்டமே இருக்கிறதே.

கிடங்கு என்றால், தண்டவாளத்தை ஒட்டிய மணிலாக்கொட்டைக் கிடங்கு. ரகுபதி அங்கே பெரிய குமாஸ்தா. உடைத்த வேர்க்கடலையில் கல்லும் சொத்தையும் பொறுக்குவது பெண்கள் வேலை. குந்திய இடத்தில் குந்தியபடி முறத்தைத் தட்டிக்கொண்டே பாடுவார்கள். தூசியில் ஒருத்திக்கு இருமல் வந்தால் பாட்டு நிற்காது. பக்கத்தில் இருப்பவள் அதே சொல்லிலிருந்து எடுத்துக்கொள்வாள்.

சாயங்காலம் வேறு கதை. மடியில் கொட்டையைக் கட்டிக்கொண்டு போகிறார்களா என்று பார்க்க மேஸ்திரி வரதன் வாசலில் நிற்பான். சேலை மடியைத் தொடும் கை மடியோடு நிற்காது. வயதானவளுக்கு ஒரு தட்டு, சின்னப் பெண்ணுக்கு நெடுநேரம். ரகுபதி தினமும் அந்த வாசல் வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். அந்த நேரம் பார்த்து அவருக்கு வானத்தில் ஏதாவது மேகம் தென்பட்டுவிடும்.

மேடைக்கு ராஜாத்தியைப் பிடித்தார்கள். கல்யாணமாகாதவள், கணீர்க் குரல், எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே சொந்தமாக எதுவும் பேசமாட்டாள் என்பது அவர்கள் கணக்கு. ரகுபதி எழுதிய பேச்சைக் கருணாகரன் வாசிக்க, அவள் மனப்பாடம் செய்தாள். "சகோதரிகளே! மடி என்னும் கொடுமை நம்மைப் பிடித்து ஆட்டுகிறது. அது ஒழிந்தால்தான் பெண்ணினம் தலைநிமிரும்!" அதைக் கேட்டதும் ராஜாத்தி அசந்துபோனாள். அந்த மனுஷனுக்கும் கண் இருக்கிறதா? இத்தனை நாள் அவரைக் கரித்துக்கொட்டினோமே என்று வெட்கப்பட்டாள்.

நேரே வண்ணாரப்பேட்டைக்கு ஓடினாள், அஜீசாவிடம். முறத்துக்கு முறம் பக்கத்தில் உட்காரும் பெண் அவள். போன வாரம் வரதன் கையில் அகப்பட்டு வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. வயிற்றுவலி என்று தாயாரிடம் பொய். திங்கட்கிழமை வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். அவள் கூலியில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

"மடி ஒழியணும்னு பெரிய குமாஸ்தாவே எழுதிக் குட்த்துகீறாரு கண்ணு. நீ வந்து குந்து. உனுக்கோசரந்தான் பேசப்போறேன்."

"நெஜமாவாக்கா? அந்தாளா சொன்னாரு?"

"சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கொட்டகையில் கிடங்குப் பெண்கள் பாயை நிறைத்துவிட்டார்கள். அஜீசா தலையில் முக்காட்டோடு கடைசியில் ஒண்டிக்கொண்டிருந்தாள். வரதன் மாலைகளைச் சுமந்துகொண்டு மேடையோரம் நின்றான். முன்னால் நாற்காலிகளில் ஊர்ப் பெரியவர்கள், அவர்களோடு அந்தப் பத்திரிகைக்காரர். ராஜாத்தி எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தாள். ரகுபதி கைதட்டினார். அந்தக் கைதட்டலை நம்பி அவள் மேலே போனாள்.

"சாய்ங்காலமானா மேஸ்திரி எங்க மடியில கை வைக்கிறாரு. கொட்டையா தேடறாரு? கொட்டை இன்னா நெஞ்சுலயா மொளைக்குது? இந்த அஜீசாப் பொண்ணு..."

ரகுபதி மேசை மணியை அடித்தார். "நிறுத்தம்மா, நிறுத்து! நான் சொன்னது அந்த மடி இல்லை. குளித்துவிட்டு ஈரச் சேலையோடு, யாரையும் தொடாமல் இருப்பார்களே, அந்த ஆசார மடி!"

நாற்காலிகளில் சிரிப்பு வெடித்தது. கருணாகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மனைவி ஈரச் சேலையோடு சமைத்தாலொழிய ரகுபதி தம் வீட்டில் ஒரு கவளம் தொடமாட்டார் என்பது அவருக்கும் தெரியும்.

ராஜாத்திக்கு உடம்பு கூசியது. சொல் தெரியாததற்கு அல்ல, இந்த ஆளை நம்பியதற்கு. யாரும் தொடாமல் இருக்க அவர்களுக்கு ஒரு மடி, எவனும் தொட்டுவிட்டுப் போக எங்களுக்கு ஒரு மடியா? கேட்க நினைத்தாள். இருமல்தான் வந்தது. கடைசிப் பாயில் அஜீசா எழுந்து வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

"மடியில கை வைக்கிறாரு!" என்று ஒரு குரல் எழுந்தது. முன் பாயிலிருந்த கெங்கம்மா. "எம் புள்ள வயசு அந்தாளுக்கு. எம் மடியிலயும் வச்சாரு!"

ரகுபதி மணியடித்தார். கெங்கம்மா மூச்சு வாங்குவதற்குள் பூவம்மா எடுத்துக்கொண்டாள். "வச்சாரு! என் இடுப்பக் கிள்ளினாரு. கேட்டதுக்கு வேலைய வுட்டுப் போன்னாரு!" மறுபடி மணி. அதற்குள் அடுத்தவள். முறம்தான் இல்லையே தவிர, பாட்டு அதே பாட்டுதான். மணியின் நாக்கு கழன்று மேசைக்கடியில் ஓடியது. வரதன் மாலைகளைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினான். வாசலை நோக்கி நடந்த அஜீசா அப்படியே நின்றுவிட்டாள்.

ராஜாத்திக்குக் குரல் திரும்பியது. "தெனம் அந்த வழியாத்தான போறீங்க ஐயா? ஒரு நாளாச்சும் பாக்கலியா?"

ரகுபதி பழக்கத்தில் அண்ணாந்தார். மேலே ஓலைதான் இருந்தது. பத்திரிகைக்காரரின் பென்சில் நிற்காமல் ஓடுவதைக் கண்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. "மடி ஒழிப்புத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது! கூட்டம் கலையலாம்!" என்றார்.

"எந்த மடி சார்?" என்றார் பத்திரிகைக்காரர். தலைவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வரதன் வாசலில் நின்றான். வெட்கம் கெட்டவனுக்குத் தீர்மானமாவது ஒன்றாவது? வரிசையில் முதலாவதாக அஜீசாவே வந்தாள். பின்னாலேயே ராஜாத்தி நின்றாள். வாயைத் திறக்கத் துடித்தது, அடக்கிக்கொண்டாள். வரதன் கையை நீட்டினான்.

"எந்த மடி, மேஸ்திரி?"

அஜீசாவின் குரல் பாதியில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து ராஜாத்தி எடுத்துக்கொண்டாள். அவளிடமிருந்து கெங்கம்மா, அவளிடமிருந்து வரிசை முழுதும். "எந்த மடி? எந்த மடி?" தண்டவாளத்தில் போன கூலிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அப்போதுதான் வெளியே வந்த ரகுபதி வாசலைக் கண்டதும், குடையை மறந்தவர்போல உள்ளே திரும்பிவிட்டார். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று வரதனுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.

அஜீசா தன் மடியைத் தானே அவிழ்த்து, அவன் காலடியில் ஒரு உதறு உதறினாள். வெறும் தூசி. முடிந்துகொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.