வண்டிக்கு அடியில் ஒரு தாம்பாளம்

மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்த அர்த்தனாரி, வெற்றிலை பாக்கு வைத்து, காப்பி குடித்து, செருப்பை மாட்டிக்கொண்ட பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“மச்சான், வாசலுக்கு டைல்ஸ் போட்டிருக்கேனுங்க. வெள்ளை டைல்ஸ். அதனால தாம்பாளமும் புதுசா வாங்கி வெச்சுட்டேன். நல்லா அகலமா. நீங்க எங்க வேணும்னாலும் தைரியமா வண்டிய நிறுத்தலாம்.”

கூட வந்த பாவாயி புருசனின் முழங்கையைக் கிள்ளினாள். அண்ணன் காளியண்ணனின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “போய்ட்டு வாங்க மாப்ள” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் ஏறிய பஸ் வளைவில் மறையும்வரை நிமிர்ந்தபடியே நின்றார். மறைந்த பிறகு கொட்டகைக்குப் போய், வெள்ளை அம்பாசடரின் அடியில் குனிந்து பார்த்தார். மணலில் கறுப்பாக ஒரு வட்டம். அதன் நடுவே இன்னும் ஒரு சொட்டு விழுந்தது.

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டில் அவர்கள் குடும்பத்தைப் பெரியூட்டார் என்பார்கள். காளியண்ணனின் அப்பா அந்தக் காரை வாங்கி மலைக்கு ஏற்றி வந்த நாளிலிருந்து, அந்த வீட்டுத் தாய்மாமன் சீர் எதுவும் வாடகை வண்டியில் போனதில்லை. சீர்த் தட்டுகளும் தாய்மாமனும் அந்த வெள்ளை வண்டியில் போய் இறங்க வேண்டும். பெண் அதே வண்டியில் கோயிலுக்குப் போக வேண்டும். அது எழுதி வைத்த சட்டம் இல்லை. அதை மீறியவர்களும் இல்லை.

ஒன்பது வருடமாக அந்த வண்டி எண்ணெய் சொட்டியது. எஞ்சின் பக்கவாட்டில், எண்ணெய் வடிகட்டும் ஃபில்டர் இருக்கும் இடத்தில் கசிவு. பாவாயி வீட்டுப் புதுமனை புகுவிழாவில், வாசலில் போட்டிருந்த கோலத்தின் நட்டநடுவில் கறுப்புக் குளம் கட்டியது. அடுத்த முறை போனபோது, வண்டி நின்றதும் அர்த்தனாரி ஓர் அலுமினியத் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அடியில் தள்ளினார். உறவுக்கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் காளியண்ணனுக்குக் குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன் வண்டிக்குத் தாம்பாளம் வந்துவிடும்.

உறவுக்குள் நடந்தவரை பொறுத்துக்கொண்டார். இந்தமுறை மாப்பிள்ளை வீட்டார் இருப்பார்கள். ஈரோட்டுப் பக்கத்து மனிதர்கள். பெரியூட்டாரை அவர்கள் முதல்முதலாகப் பார்க்கப்போவது ஒரு தாம்பாளத்துக்கு மேலேதான் என்றால், அதைவிட நடந்தே போய்விடலாம்.

“ஜான்பீட்டர்கிட்டக் கொண்டு போங்க” என்றாள் மனைவி மாதம்மாள். முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். “கூட்டுறவு ஜீப்புக்கு என்னமோ புது ஃபில்டரு மாத்திக் குடுத்தாராம். அதுக்கப்பறம் சொட்டே இல்லீங்களாம்.”

“அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு நடுச்சந்தையில சொன்னவன் நான்.”

“அங்க எங்க இருக்குது வாசப்படி? நாலு பக்கமும் தொறந்து கெடக்கிற தகரக் கொட்டாய். மிதிக்காமயே உள்ள போலாம், போங்க.”

சந்தையில் அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். ஜான்பீட்டர் சமவெளியிலிருந்து அரசு ஜீப் ஓட்டுநராக மாற்றலாகி மலைக்கு வந்தவர். ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பாமல், மலைச்சந்தை கூடும் செம்மேட்டிலேயே பட்டறை போட்டவர். ஒன்பது வருடத்துக்கு முன் இந்த எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்தது அவர்தான். ஆறு மாதம் கழித்துக் கசிவு தொடங்கியதும், காளியண்ணன் சந்தையன்று செம்மேட்டு நடுத்தெருவில் அவரை நிறுத்தி, “எங்கப்பா வண்டியோட போல்ட்டு மரையக் கெடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு வேலக்காரனா?” என்று கேட்டார். மிளகு மூட்டையோடு நின்றவர்கள், பலாப்பழம் பேரம் பேசியவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஜான்பீட்டர் தலைகுனிந்தபடி பட்டறைக்குத் திரும்பினார். அன்று முதல் அந்த வண்டியை வெளியார் கை தொட்டதில்லை. எண்ணெய் மாற்றுவதும் ஃபில்டர் மாற்றுவதும் முன்பிருந்தே காளியண்ணன்தான்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் வண்டியைத் தகரக் கொட்டகைக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினார். இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஜான்பீட்டர் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்தபடி வண்டிக்கு அடியில் பார்த்தார். “கொஞ்சம் முன்னால விடுங்க பெரியவரே. மழை வந்தா நனையும்” என்றார். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அவர் சொன்னது அவ்வளவுதான்.

விசயம் இப்படி என்று விளக்கினார். இந்த எஞ்சினில் இருப்பது பழைய வகை. ஓர் இரும்புக் குவளை, அதற்குள் காகித ஃபில்டர், எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ஒரு நீள போல்ட். குவளையின் வாய் போய் உட்காரும் இடத்தில் காடி என்கிற வட்டப் பள்ளம், அந்தக் காடிக்குள் ஒரு ரப்பர் வளையம். புது வகையில் குவளையே கிடையாது. மூடிய தகர டப்பா. வளையம் அதன் வாயிலேயே இருக்கும். கையால் திருகி மாட்டி, காலம் முடிந்ததும் டப்பாவோடு தூக்கி எறிந்துவிடலாம். அதற்கு எஞ்சினில் ஓர் இணைப்புத் துண்டு வைக்க வேண்டும். சேலத்தில் தெரிந்த லேத்தில் கடைந்து வாங்கி வர ஒரு வாரம் ஆகும்.

“அப்பா காலத்துச் சாமான கழட்டிப் போடோணுமா?” என்றார் காளியண்ணன்.

“போட வேண்டாமுங்க. துடைச்சுத் தர்றேன். ஊட்டுல வெச்சுக்குங்க.”

அடுத்த வாரம் வேலை நடந்தது. ஜான்பீட்டர் எண்ணெயை வடித்து, குவளையைக் கழற்றி ஓரமாக வைத்தார். “இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க. இணைப்புத் துண்டு உக்காரணும்னா அந்தக் காடி சுத்தமா இருக்கணும்.”

காளியண்ணன் குனிந்து பிடித்தார். வெளிச்சம் காடியில் விழுந்தது. மிளகு மூட்டை தைக்கும் குத்தூசி ஒன்றை வளைத்து வைத்திருந்தார் ஜான்பீட்டர். அதைக் காடிக்குள் விட்டு நெம்பினார். ஒரு ரப்பர் வளையம் மெத்தென்று வந்தது. அதைக் கீழே விரித்திருந்த செய்தித்தாளில் வைத்தார். குத்தூசியை மறுபடியும் விட்டார். இன்னொரு வளையம் வந்தது. நசுங்கி, ஒரு பக்கம் சப்பையாக இருந்தது. அதையும் பக்கத்தில் வைத்தார். அப்புறம் காடியின் அடியை ரொம்ப நேரம் சுரண்டினார். இரும்பு என்றே தோன்றிய ஒன்று விரிசல் விட்டு, புளியம்பழ ஓடு மாதிரி நான்கு துண்டாகக் கழன்று வந்தது. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தாளில் வட்டமாக வைத்தார்.

மூன்று வளையம். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

ஜான்பீட்டர் குத்தூசியைக் கீழே வைத்தார். காடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லாத பிறகும் துடைத்தார்.

காளியண்ணன் டார்ச்சைத் தாளின் பக்கம் திருப்பினார். “இதுல நீங்க போட்டது எது?” என்று கேட்டார். அவரை அறியாமலே நீ என்பது நீங்க ஆகியிருந்தது.

“அடியில இருந்ததுங்க.”

“மேல ரெண்டு?”

“ஃபில்டர் மாத்தினவங்க போட்டது.”

“நான்தான் மாத்துனேன். எம்மகனக்கூடத் தொட உட்டதில்ல.”

ஆறாம் மாதம் முதல் ஃபில்டரை மாற்றியபோதே, பழைய வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை வைத்திருக்கிறார். அடுத்தமுறை அதன் மேல் இன்னொன்று; அப்புறம் காடியில் இடமில்லாமல் காகிதத்தை மட்டும் மாற்றியிருக்கிறார். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியதில் குவளையின் வாய் சரியாக உட்காரவே இல்லை. ஒன்பது வருடம் சொட்டியது மரை கெட்டதால் அல்ல.

“கறுப்புக் காடியில கறுப்பு ரப்பர். சூட்டுல இரும்போட இரும்பா ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாதுங்க” என்றார் ஜான்பீட்டர். “நானே சர்வீஸ்ல சேந்த புதுசுல இதே மாதிரி பண்ணி, ஆபீசரை நடுவழியில நிறுத்திட்டேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “இப்பப் பழைய குவளையையே ஒத்த வளையத்தோட மாட்டினாப் போதும் பெரியவரே. ஒழுகாது. மாத்தவே தேவையில்ல. உங்கப்பா வெச்சது அப்படியே இருக்கும். இந்தத் தாளைச் சுருட்டி அடுப்புல போட்டுர்றேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது” என்றார்.

காளியண்ணன் நிமிர்ந்தார். முதுகெலும்பு நெட்டி முறிந்தது. பெரியூட்டாரின் மானத்தைச் சுருட்டிக் கையில் கொடுக்கிறார் இந்த மனிதர், அதுவும் எந்த மானத்துக்காக நடுச்சந்தையில் இவரைத் தலைகுனிய வைத்தாரோ அதே மானத்தை. வாங்கிக்கொள்வது சுலபம். அப்படி வாங்கினால் அது மானமாக இருக்குமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

“புதுசே மாட்டுங்க” என்றார். “என் கண்ணு இனி தெளியப் போறதில்ல. டப்பாவோட வந்து டப்பாவோட போற வளையம்தான் எனக்குச் சரி.” குனிந்து, மூன்று வளையத்தையும் அந்தச் செய்தித்தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இணைப்புத் துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. ஜான்பீட்டர் புது ஃபில்டரின் ரப்பரில் விரலால் எண்ணெய் தடவி, கையாலேயே திருகி இறுக்கினார். புது எண்ணெய் ஊற்றிச் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் அழுத்தம் காட்டும் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அணைந்தது. எஞ்சின் அரைமணி நேரம் ஓடியது. அடியில் விரித்த வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. காளியண்ணன் நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “கல்யாணத்துக்கு எங்களோட நீங்களும் வரோணும். இந்த வண்டியில, முன் சீட்டுல” என்றார்.

கல்யாணத்தன்று காலையில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி வண்டி பாவாயியின் ஊரான பேளுக்குறிச்சி போய்ச் சேர்ந்தது. வெள்ளை டைல்ஸ் வெயிலில் கண்ணைப் பறித்தது. காளியண்ணன் அதன் நடுவில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். எதிர்பார்த்தபடியே அர்த்தனாரி, பளபளக்கும் பெரிய தாம்பாளத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“என்னங்க இது, ஆரத்தியா?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

“ஆமாங்க. வண்டிக்கு. எங்க மச்சான் வந்தாருன்னா மொத மரியாதை அதுக்குத்தான்.”

சிரிப்பு கிளம்பியது. “நல்லா உள்ள தள்ளி வைங்க மாப்ள” என்றார் காளியண்ணன். குரல் நிதானமாகத்தான் வந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

சீர்த் தட்டுகள் இறங்கின. மணப்பெண் யமுனா மாமன் காலில் விழுந்தாள், எழுப்பி நெற்றியில் விபூதி இட்டார். பட்டம் கட்டினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை போட்ட கையோடு காளியண்ணனின் கண் வாசலுக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஜான்பீட்டரைப் பார்த்தார். அவர் வாசல் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாழைக்காய் பஜ்ஜியில் கவனமாக இருந்தார். அதைப் பார்த்ததும் காளியண்ணனுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது.

பந்தி முடிந்து, பெண்ணைக் கோயிலுக்கு அழைத்துப் போக வண்டியை எடுக்க வேண்டிய நேரம். எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். அர்த்தனாரி வேட்டியை மடித்துக் கட்டிக் குனிந்து, தாம்பாளத்தை வெளியே இழுத்தார்.

உள்ளே காற்றில் வந்து விழுந்த ஒரு வேப்பிலை கிடந்தது. வேறொன்றும் இல்லை.

அர்த்தனாரி விரலால் தாம்பாளத்தைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். “மச்சான், எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தாமயே வந்துட்டீங்களா?”

கூட்டம் சிரித்தது. காளியண்ணனின் மார்பிலிருந்து ஒன்பது வருடத்துக் கல் இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அர்த்தனாரி விடவில்லை. “எந்த வைத்தியருங்க இத்தன வருசத்து ஒழுக்க நிறுத்துனது?”

“ஜான்பீட்டரு.”

“இவருதான் கெடுத்தாருன்னு நீங்க சந்தையில சொன்னப்ப நானும் பக்கத்துல இருந்தேனுங்களே? கெடுத்தவரே சரிபண்ணிட்டாராக்கும்!”

ஜான்பீட்டர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். கோயிலுக்கு நேரமாகிறது என்று யாரோ சொன்னார்கள். மாதம்மாள் புருசனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காளியண்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த செய்தித்தாளை எடுத்தார். பிரித்து, அதில் இருந்ததை அந்தப் பளபளக்கும் தாம்பாளத்தில் கொட்டினார். ரப்பர் வளையங்கள் சத்தமில்லாமல் விழுந்தன. காய்ந்த துண்டுகள் மட்டும் கலகலவென்றன.

“அவரு கெடுக்கல” என்றார், மாப்பிள்ளை வீட்டாருக்கும் கேட்கும்படி. “ஒண்ணு போட வேண்டிய எடத்துல மூணா ஏத்தி வெச்சவன் நான். ஒம்போது வருசமா சொட்டுனது என் கை வேல. பழி மட்டும் இவருக்கு. சந்தையில சொன்னேன், அதனால நாலு பேரு இருக்கிற எடத்துலயே இதையும் சொல்லோணும். டிரைவரே, நான் சொன்னது தப்புங்க.”

ஜான்பீட்டர் கையெடுத்துக் கும்பிட்டார். 

அர்த்தனாரி தாம்பாளத்தையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். “அடேங்கப்பா” என்றார் கடைசியில். “அப்போ இத்தன வருசமும் தாம்பாளத்த வண்டிக்கு வெச்சது தப்பு. மச்சான் கைக்குக் கீழ வெச்சிருக்கோணும்.”

காளியண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்க, கண்ணில் நீர் முட்டச் சிரித்தார். பாவாயி தன் கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் அப்பா கிட்டே வந்து, “எங்கூட்டு டிராக்டரும் ஒழுகுதுங்க. இந்த டிரைவரு எந்த ஊருல இருக்கறாருங்க?” என்று விசாரித்தார்.

சாயங்காலம் மலையேறும்போது ஜான்பீட்டர் முன் சீட்டில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார். பாதி மலையில், அகலமான ஒரு வளைவில், எப்போதும் வண்டியை நிறுத்தி எண்ணெய் அளவு பார்ப்பது காளியண்ணனின் வழக்கம். அந்த வளைவு வந்தது. வண்டி நிற்காமல் திரும்பி மேலே ஏறியது.

“ஏனுங்க, மறந்துட்டீங்களா?” என்றாள் பின்சீட்டிலிருந்து மாதம்மாள்.

“மறக்கல” என்றார் காளியண்ணன். அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தார்.